பட்டமும் சன்னதும்



சட்டக் கல்லூரியின் இறுதி ஆண்டில் இருக்கும் மாணவரைப் பார்த்து, "அடுத்து என்ன செய்வதாக உத்தேசம்?" என்று கேட்டால், சிலர் "கோர்ட்டுக்குப் போகப்போகிறேன்" என்பார்கள், சிலர் "எம்.எல். படித்து ஆசிரியராகப் போகிறேன்" என்பார்கள். இவ்விரண்டு விடைகளிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மூன்றாவதாக ஒரு விடை அண்மைக் காலத்தில் அதிகமாகக் காதில் விழுகிறது. "எம்.எல்.லையும் முடித்துக்கொண்டே போனால் கோர்ட்டில் மதிப்பாக இருக்கும் என்று வீட்டில் சொல்லுகிறார்கள்" என்பதே அது. பெரிய பட்டம் கையில் இருந்தால் தொழிலில் பெரிய ஸ்தானம் தானே கிடைத்துவிடும் என்னும் நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் நியாயமானது என்பதை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்ட மேற்படிப்பு வேண்டும். தொழில் செய்கிறவருக்கும் வேண்டும், செய்யாதவருக்கும் வேண்டும். ஆனால் வழக்கறிஞராக விரும்புகிறவருக்கு அது நீதிமன்றப் பழக்கத்திற்குப் பின்னால் வரவேண்டுமேயன்றி, முன்னால் வரலாகாது. பட்டம் பெறுவதற்கும், வாதாடும் உரிமையைத் தரும் சன்னது பெறுவதற்கும் நடுவில், ஓர் ஆண்டாவது அநுபவசாலியான ஒருவரிடம் கட்டாயமாகத் தொழில் கற்கும் ஏற்பாடும் மறுபடி வரவேண்டும். 'மறுபடி' என்று நான் சொல்லுவதற்குக் காரணம், அது இந்நாட்டில் இருந்த ஏற்பாடு. நாமாகவே கைவிட்ட ஏற்பாடு.

நம் நாட்டில் வழக்கறிஞராகும் வழி எப்படி அமைந்தது என்பதைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்பது பயன்தரும். 1801-ஆம் ஆண்டு சென்னைப் பட்டணத்தில் சுப்ரீம் கோர்ட்டு நிறுவப்பட்டபோது, அங்கே நின்று வாதாடும் உரிமை சீமையிலிருந்து வந்த பாரிஸ்டர்களுக்கும், கட்சிக்காரர்களுக்காக நடவடிக்கைகளை நடத்தும் உரிமை அட்டர்னிகளுக்குமே இருந்தது. பட்டணத்துக்கு வெளியே கிழக்கிந்தியக் கம்பெனியார் நடத்திய ஜில்லாக் கோர்ட்டுகளிலும், அவற்றின் மேலாக இருந்த சதர் அதாலத்திலுமோ, சன்னது பெற்ற வக்கீல்கள் வாதித்தார்கள். ஒரே இராஜதானியில் இரண்டு நீதி உலகங்கள் ஒன்றையொன்று அதிகமாகத் தொடாமல் நடந்துவந்தன. எந்த நாட்டவராயினும், எந்த மதத்தினராயினும், தகுதி உடையவர் கம்பெனிக் கோர்ட்டுகளில் வாதாடலாம் என்று 1846-ஆம் ஆண்டின் சட்டம் கதவைத் திறந்தது. 1862-ல் உயர்நீதிமன்றம் ஏற்பட்டபோது இரண்டு உலகங்களும் ஒரே கூரையின் கீழ் வந்தன; ஆயினும் பாரிஸ்டர், அட்டர்னி, வக்கீல், கீழ்க்கோர்ட்டுகளில் பிளீடர் என்னும் தரவேறுபாடுகள் மறையவில்லை. 1879-ஆம் ஆண்டின் சட்டம் அவற்றை ஒழுங்குபடுத்தியதேயன்றி ஒழிக்கவில்லை. 1926-ஆம் ஆண்டில் பார் கவுன்சில்கள் தோன்றின. சுதந்திரத்திற்குப் பின், நீதிபதி எஸ்.ஆர். தாஸ் அவர்கள் தலைமையில் அமைந்த குழுவின் ஆலோசனைகளை அடியொற்றி 1961-ஆம் ஆண்டில் வழக்கறிஞர் சட்டம் நிறைவேறியதும், நாடு முழுவதற்கும் ஒரே வகுப்பாக அட்வகேட்டுகள் என்னும் ஒரே பெயர் நிலைபெற்றது.

இந்தச் சரித்திரத்தில் ஒரு நியதி தெளிவாகத் தெரிகிறது. படிப்பு வேறு, வாதாடும் உரிமை வேறு. முன்னதை அளிப்பது சர்வகலாசாலை. பின்னதை அளிப்பது நீதிமன்றம், அல்லது அதன் ஸ்தானத்தில் நிற்கும் பார் கவுன்சில். இந்த வேறுபாடு ஒருவர் வாழ்க்கையை எவ்வளவு கொடுமையாகத் தாக்கக் கூடும் என்பதற்கு கார்னீலியா சொராப்ஜி அம்மையாரின் வரலாறு சான்றாகும். 1892-ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டில், சட்டத்தில் உயர்நிலைப் பரீட்சையாகக் கருதப்பட்ட பி.சி.எல். பரீட்சையை அவர் எழுதித் தேறினார்; பெண்ணாகையால் அந்தச் சர்வகலாசாலை அவருக்கு அப்போது பட்டம் வழங்கவில்லை. இந்தியா திரும்பிப் பம்பாயில் எல்எல்.பி. தேறினார், அலகாபாத்தில் பிளீடர் பரீட்சையும் தேறினார். இவ்வளவுக்குப் பிறகும் வாதாடும் உரிமை அவருக்குக் கிடைக்கவில்லை. உறவினரின் கையில் சொத்தைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த, திரைக்குப் பின்னால் வாழ்ந்த விதவைகளுக்கும் மைனர்களுக்கும் சட்ட ஆலோசனை சொல்லும் உத்தியோகத்தில் அமர்ந்து பல ஆண்டுகள் சேவை செய்தார். 1921-ல்தான் அலகாபாத் நீதிமன்றம் அவரைப் பதிவு செய்தது. பெண்கள் வழக்கறிஞராகத் தடையில்லை என்று 1923-ல் ஒரு சட்டம் பிறந்தது. ஆக்ஸ்போர்டுப் பரீட்சைக்கும் அந்தப் பதிவுக்கும் இடையே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். கற்ற கல்வியின் அளவுக்கும் கிடைத்த உரிமையின் அளவுக்கும் சம்பந்தமே இல்லாத காலம் அது.

இன்றைய சட்டத்திலும் அந்த வேறுபாடு வேறோர் உருவில் இருக்கத்தான் செய்கிறது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். இந்தியக் குடிமகனாக இருக்கவேண்டும். இருபத்தொரு வயது நிரம்பியிருக்கவேண்டும். அங்கீகாரம் பெற்ற சட்டப் பட்டம் பெற்றிருக்கவேண்டும். குறித்த கட்டணத்தைச் செலுத்தவேண்டும். எம்.எல். என்றோ எல்எல்.எம். என்றோ டாக்டர் பட்டம் என்றோ அங்கே ஓர் எழுத்தும் இல்லை. கட்டணமும் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய்தான். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். ஆனாலும் பல மாநிலங்களில் பல பெயர்களைச் சொல்லி ஆயிரக்கணக்கில் வசூலித்துவந்தார்கள். சட்டம் சொன்ன தொகைக்கு மேல் பதிவுக்காக வாங்கலாகாது என்று 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான், ஏழை வீட்டுப் பிள்ளையின் தகப்பனார் அந்தச் செலவுக்காகக் கடன் வாங்கவேண்டிய அவசியம் நீங்கியது.

அப்படியானால் தொழில் தெரியுமா தெரியாதா என்று எவரும் பார்ப்பதில்லையா என்று நீங்கள் கேட்கலாம். பார்த்த காலம் ஒன்று இருந்தது. பழைய சென்னையில் பி.எல். தேறியவர் உடனே கறுப்பு அங்கி அணிந்துவிட முடியாது. ஒரு மூத்தவரிடம் அப்பிரெண்டிஸாகச் சேர்ந்து, அவர் பின்னால் கோர்ட்டுக்குப் போய், மாலையில் அவர் ஆபீஸில் உட்கார்ந்து கட்டுகளைப் படித்து, பார் கவுன்சில் வைத்த பரீட்சையையும் எழுதிய பின்னரே பதிவு பெறலாம். 1961-ஆம் ஆண்டுச் சட்டமும் முதலில் இந்தச் சம்பிரதாயத்தை விட்டுவிடவில்லை. பட்டத்திற்குப் பிறகு பயிற்சியும் பரீட்சையும் வேண்டும் என்று 24-ஆம் பிரிவிலேயே ஓர் உட்பிரிவு இருந்தது. 1973-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் செய்த திருத்தத்தால் அந்த உட்பிரிவு நீக்கப்பட்டு, 1974 ஜனவரி 31-ஆம் தேதியிலிருந்து, பட்டச் சான்றிதழும் கட்டணமும் இருந்தால் போதும் என்ற நிலை உண்டாயிற்று.

அதன் பின் நிகழ்ந்தவை, விட்டதைத் திரும்பப் பிடிக்க முயன்ற கதை. இந்திய பார் கவுன்சில் 1995-ஆம் ஆண்டில் ஓராண்டுப் பயிற்சி விதிகளை இயற்றியது. பாராளுமன்றமே எடுத்துவிட்டதை விதியின் மூலம் பார் கவுன்சில் திரும்பக் கொண்டுவர அதிகாரம் இல்லை என்று, வி. சுதீர் என்பவர் வழக்கில் 1999-ல் உச்சநீதிமன்றம் அவ்விதிகளை ரத்து செய்தது. பிறகு 2010-ல் பார் கவுன்சில் வேறொரு வழியைத் தேர்ந்தது. பதிவு செய்துகொண்டவர்கள் அகில இந்திய வழக்கறிஞர் தேர்வில் தேறினால்தான் தொடர்ந்து தொழில் செய்யலாம் என்று விதித்தது. முதல் தேர்வு 2011 மார்ச்சு 6-ஆம் தேதி நடந்தது. இதையும் எதிர்த்து வழக்குகள் எழுந்தன. ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன ஆயம் 2023 பிப்ரவரியில் தேர்வு செல்லும் என்று தீர்ப்பளித்ததோடு, சுதீர் வழக்கில் சொல்லப்பட்டது சரியான சட்டநிலை அல்லவென்றும் கூறிவிட்டது. ஆகவே, தரத்தைச் சோதிக்கும் அதிகாரம் பார் கவுன்சிலுக்கு உண்டா என்ற சந்தேகம் இனி இல்லை. அந்த அதிகாரத்தை எதற்காக, எப்படிப் பயன்படுத்துவது என்பதே இப்போது மிஞ்சியிருக்கும் கேள்வி.

தேர்வை நான் குறைத்துப் பேசவில்லை. நூறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கவேண்டும், பொதுப் பிரிவினர் நூற்றுக்கு 45 பெறவேண்டும், குறிப்பு எழுதாத சட்டப் பிரதிகளைக் கையில் வைத்துக்கொள்ளலாம். சட்டப் புத்தகத்தைத் திறந்து பிரிவைக் கண்டுபிடிக்கத் தெரியாதவரை அது வடிகட்டிவிடும். அந்த மட்டில் நன்மைதான். ஆனால் கட்சிக்காரர் மேஜைமேல் வைக்கும் ஒரு காகிதத்தை எப்படிப் படிக்கவேண்டும் என்பதை அது சோதிக்கவும் முடியாது, கற்பிக்கவும் முடியாது. ஓர் உதாரணத்தை விரித்துச் சொல்ல அநுமதி வேண்டுகிறேன்.

கட்சிக்காரர் ஒருவர் ஒரு புரோநோட்டை எடுத்துக்கொண்டு வருகிறார். 2014 ஜூன் 14-ஆம் தேதி எழுதியது. கேட்கும்போது கொடுப்பதாக வாக்களித்த நோட்டு. "கடனை வசூலித்துத் தரவேண்டும்" என்கிறார். புதிதாகச் சன்னது பெற்ற இளைஞர் முன்பக்கத்தைப் படிக்கிறார். தொகை, வட்டி, கையொப்பம் எல்லாம் இருக்கின்றன. உடனே பிராது எழுதக் காகிதத்தை எடுக்கிறார். அதே காகிதம் பழகிய சீனியரிடம் போனால், அவர் முதலில் முத்திரைத் தலையைப் பார்ப்பார். அது ஒட்டியிருக்கிறதா, போதிய மதிப்புள்ளதா, அதன்மேல் எழுதி ரத்து செய்திருக்கிறதா என்று பார்ப்பார். ஏனெனில் மற்றப் பல ஆவணங்களில் முத்திரை குறைந்தால் அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம். புரோநோட்டுக்கு அந்த வழி இல்லை. பிறகு காகிதத்தைத் திருப்புவார். பின்பக்கத்தில், "ரூ. 500 வரவு" என்று கடன்பட்டவர் தம் கையாலேயே எழுதி, 20-6-2017 என்று தேதியிட்டுக் கையொப்பம் செய்திருக்கிறார். மூன்று ஆண்டு கெடு ஜூன் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கெடுவுக்குள் வரவு வைத்திருந்தால் அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் பிறந்திருக்கும். ஆறு நாள் பிந்திய வரவு, கால வரையறைச் சட்டத்தின் கண்ணுக்கு வரவே அல்ல. முன்பக்கத்தில் உயிரோடிருந்த கடன் பின்பக்கத்தில் செத்துக் கிடக்கிறது. காகிதத்தைத் திருப்பிப் பார் என்று எந்தப் பாடப் புத்தகமும் சொல்லுவதில்லை. சீனியரின் அறையில், அவர் திருப்புவதைப் பார்த்துத்தான் ஜூனியர் கற்றுக்கொள்ளுகிறார்.

ஆனால் இந்த உதாரணம் இவ்விடத்தோடு முடிந்துவிடவில்லை. முடிந்துவிட்டால் மேற்படிப்புக்கு இவன் விரோதி என்று நீங்கள் நினைக்க நேரும். அதே பின்பக்கத்தில், வரவுக்குக் கீழே, "பாக்கித் தொகையை அடுத்த தைக்குள் தந்துவிடுகிறேன்" என்று அவர் எழுதிக் கையொப்பம் செய்திருந்தால் என்ன ஆகும்? இப்போது கதை மாறுகிறது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, காலங்கடந்துபோன கடனைத் தருவதாகக் கடன்பட்டவர் எழுத்தில் வாக்களித்துக் கையொப்பம் செய்தால், அதற்குப் பிரதிபிரயோஜனம் இல்லாவிட்டாலும் அது செல்லுபடியாகும் ஒப்பந்தமே என்கிறது. வெறும் ஒப்புதலுக்கும் வாக்குறுதிக்கும் எல்லை எங்கே? கடன் காலங்கடந்தது என்பது எழுதியவருக்குத் தெரிந்திருக்கவேண்டுமா? தார்மிகக் கடமையைச் சட்டக் கடமையாக மாற்றுவதற்குச் சட்டம் ஏன் இங்கே மட்டும் இடங்கொடுத்தது? இந்த வினாக்களுக்கு விடை தேடப் புகுந்தால், நாம் மேற்படிப்பின் வாசலில் நிற்கிறோம். காகிதத்தைத் திருப்பிப் பார்க்கத் தெரியாதவருக்கு இந்த வினாக்கள் எழுவதே இல்லை. திருப்பிப் பார்க்கத் தெரிந்தும் மேலே படிக்காதவர், "கெடு போய்விட்டது, அம்மா" என்று சொல்லிக் கட்சிக்காரரை அநாவசியமாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பழக்கம் கேள்வியை எழுப்புகிறது. கல்வி அதற்கு விடை காண்கிறது. இவற்றை மாற்றி வைத்தால் இரண்டும் வீணாகும்.

நம் நாட்டில் சட்ட வித்தையில் பெரும்புகழ் பெற்றவர்களின் வாழ்க்கையும் இந்த வரிசையிலேயே நடந்திருக்கிறது. தஞ்சை ஜில்லாவில் வறிய குடும்பத்தில் பிறந்த தி. முத்துசாமி ஐயர் அவர்கள், 1856-ஆம் ஆண்டில் பிளீடர் பரீட்சையில் தேறித் தரங்கம்பாடியில் முன்சீப்பானார். உத்தியோகம் பார்த்துக்கொண்டே பிற்காலத்தில் பி.எல். பட்டம் பெற்றார், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்த முதல் இந்தியரும் ஆனார். இந்து சட்டத்தில் அவர் தீர்ப்புகளுக்கு இன்றுவரை மதிப்பு இருக்கிறதென்றால், அடமானமும் பாகப்பிரிவினையும் குடும்பங்களில் எப்படி நடக்கின்றன என்பதை அவர் கீழ்க்கோர்ட்டில் உட்கார்ந்து கண்ணாரக் கண்டவர் என்பதும் ஒரு காரணம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை அவர்களை நாம் பிரதாப முதலியார் சரித்திரத்தின் ஆசிரியராக நினைக்கிறோம். திருச்சிராப்பள்ளிக் கோர்ட்டில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து முன்சீப்பானவர் அவர். சதர் கோர்ட்டின் தீர்ப்புகளைத் தொகுத்துச் சித்தாந்த சங்கிரகம் என்று தமிழில் வெளியிட்டவரும் அவரே. கட்டுகளோடு பழகிய கைதான் அந்தக் கட்டுகளின் சாரத்தைத் தமிழில் இறக்கியது.

வங்காளத்தில் தாகூர் சட்டச் சொற்பொழிவுகள் என்று ஒரு மரபு உண்டு. பிரசன்ன குமார தாகூர் விட்டுச்சென்ற தர்மத்தால் கல்கத்தா சர்வகலாசாலையில் 1870-ல் தொடங்கியது அது. அங்கே ராஷ்பிஹாரி கோஷ் அவர்கள் அடமானச் சட்டத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றி அதை நூலாகவும் ஆக்கினார். அவர் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் தொழில் செய்த வக்கீல். தர்மசாஸ்திர வரலாற்றை 1930 முதல் 1962 வரை ஐந்து பெருந்தொகுதிகளாக எழுதி, 1963-ல் பாரத ரத்ன விருது பெற்ற பி.வி. காணே அவர்களும் பம்பாயில் வழக்கறிஞராகத் தொழில் செய்தவர்தான். இந்து சட்டத்தைப் பற்றி 1878-ல் முதலில் வெளிவந்து, பல பதிப்புகள் கண்டு, வழக்கறிஞர்கள் மேஜையில் இன்றும் இருக்கும் நூலை எழுதிய ஜான் டி. மெயின், நம் சென்னையில் தொழில் செய்த பாரிஸ்டர். இவர்கள் ஒவ்வொருவரும் பண்டிதர்கள். ஆனால் வாய்தாவுக்குக் காத்திருந்தும், சாட்சி பிறழ்வதைப் பார்த்தும், நீதிபதியின் முகக்குறிப்பை அறிந்தும் பண்டிதரானவர்கள்.

மேற்படிப்புக்கே உரிய வேறொரு பெருமையும் உண்டு; அதை மறைத்தால் நியாயமாகாது. நீதிமன்றத்துக்கு வராத கேள்விகளையும் யாராவது கேட்டாக வேண்டும். 1951-ல் சென்னைச் சர்வகலாசாலைக்கு வந்து சர்வதேசச் சட்டமும் அரசியல் சாசனச் சட்டமும் கற்பித்த சார்லஸ் அலெக்சாண்ட்ரோவிச் என்னும் அறிஞர், தமக்கு முன் இருந்தவர்கள் ஊன்றிப் பாராத ஒரு விஷயத்தை ஆராய்ந்தார். பதினாறாம் நூற்றாண்டு முதற்கொண்டு கீழ்த்திசைக்கு வந்த ஐரோப்பியர், இங்குள்ள அரசர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளைப் படித்து, அந்நாளில் அவர்கள் நம் அரசர்களைச் சம அந்தஸ்துள்ள இறைமையாளர்களாகவே நடத்தினார்கள் என்றும், ஆசிய நாடுகள் சர்வதேசச் சட்டத்துக்குப் புறம்பானவை என்ற கொள்கை பிற்காலத்தில் புகுந்தது என்றும் எடுத்துக்காட்டினார். எந்த வக்காலத்தும் அந்தக் கேள்வியைக் கொண்டுவந்திருக்காது. புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடுகள் உலக அரங்கில் தலைநிமிர்ந்து பேச அத்தகைய ஆராய்ச்சி வேண்டியிருந்தது. அவர் போன்ற ஆசிரியர்கள் உண்டாவதற்காகவே எம்.எல். படிப்பு இருக்கவேண்டும் என்பேன். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்துக்களைக் கூட்டுவதற்காக அல்ல.

இப்போது எம்.எல். படிப்பின் காலவரையறையைப் பற்றி வாதப் பிரதிவாதங்கள் நடக்கின்றன. இரண்டு ஆண்டாக இருந்ததை, குறித்த சில நிலையங்களில் ஓராண்டாக நடத்தலாம் என்று சர்வகலாசாலை மானியக் குழு 2013-ஆம் ஆண்டுவாக்கில் வழிசெய்தது. பார் கவுன்சில் 2020-ல் இயற்றிய விதிகளோ, இரண்டு ஆண்டே வேண்டும் என்றன. விவகாரம் உச்சநீதிமன்றத்துக்கும் போயிற்று. ஓராண்டா ஈராண்டா என்ற இந்த வழக்கில் எந்தக் கட்சி வென்றாலும் மாணவருக்குப் பெரிய லாபம் இல்லை என்பது என் எண்ணம். கோர்ட்டு வாசற்படியை மிதியாதவர் இரண்டாண்டு படித்தாலும் அவர் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரை முந்தைய கட்டுரைகளின் தொகுப்பாகத்தான் முடியும். ஐந்தாண்டு தொழில் செய்தவர் ஓராண்டு படித்தாலும், தம் கேஸ் கட்டில் தீராமல் கிடந்த ஒரு முடிச்சை அவிழ்ப்பதற்காகப் படிப்பார். அவர் பின்னால் ஆசிரியராகப் போனால், அவரிடம் படிக்கும் மாணவர்களும் பாக்கியசாலிகள். காலத்தைப் பற்றிய விவாதத்தை விட்டு, வரிசையைப் பற்றிய விவாதத்தைத் தொடங்குவதே உசிதம்.

இந்த வரிசையின் அவசியத்தை நீதித்துறை தன் சொந்த விஷயத்தில் உணர்ந்துவிட்டது. சட்டப் படிப்பு முடித்தவுடனேயே பரீட்சை எழுதி நீதிபதியாகலாம் என்று 2002 முதல் இருந்துவந்த வழியை, 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் மாற்றி, உரிமையியல் நீதிபதி பதவிக்கு விண்ணப்பிப்பவர் மூன்று ஆண்டுகளாவது வழக்கறிஞராக இருந்திருக்கவேண்டும் என்று மறுபடி விதித்தது. உச்சநீதிமன்றத்தில் வழக்குகளைத் தாக்கல் செய்யும் உரிமை பெற்ற அட்வகேட்-ஆன்-ரிக்கார்டு ஆவதற்கும் அப்படித்தான்: நான்கு ஆண்டு தொழில், பிறகு அத்தகைய ஒருவரிடம் ஓராண்டுப் பயிற்சி, அதன் பின் வரைவெழுதுதலும் தொழில் ஒழுக்கமும் உள்ளிட்ட நான்கு பாடங்களில் பரீட்சை. அயல்நாடுகளிலும் இதுவே முறை. இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆகிறவர் பன்னிரண்டு மாதம் ஒரு மூத்தவரின் அறையில் பயிற்சி பெறுகிறார். ஜெர்மனியில் இரண்டு அரசாங்கப் பரீட்சைகளுக்கு நடுவில் இரண்டு ஆண்டுகள், நீதிமன்றம், அரசு வழக்கு அலுவலகம், நிர்வாக அலுவலகம், வழக்கறிஞர் அலுவலகம் என்று ஒவ்வோரிடமாக இருந்து பழகவேண்டும். இலங்கையில் சட்டக் கல்லூரித் தேர்வுகளோடு, மூத்தவரிடம் குறித்த காலம் தொழில் பயில்வதும் சேர்ந்தே வருகிறது. தீர்ப்பு எழுதப்போகிறவருக்கும் டில்லியில் தாக்கல் செய்யப்போகிறவருக்கும் பயிற்சி வேண்டும். திருக்கோவிலூர் முன்சீப் கோர்ட்டில் ஓர் ஏழையின் வீட்டைக் காப்பாற்றப்போகிறவருக்கு மட்டும் வேண்டாம் என்பது எந்தத் தர்க்கத்தில் சேரும்?

இதற்கு எதிராகச் சொல்லப்படும் இரண்டு ஆட்சேபங்கள் உண்மையான பலம் உள்ளவை. பயிற்சி ஆண்டில் பிழைப்புக்கு வழி என்ன என்பது ஒன்று. வழக்கறிஞர் குடும்பத்தில் பிறவாத பிள்ளைக்கும், பெண்ணுக்கும், ஒடுக்கப்பட்ட சமூகத்தாருக்கும் நல்ல சீனியர் கிடைப்பாரா என்பது மற்றொன்று. பழைய அப்பிரெண்டிஸ் முறையில் இவ்விரண்டு குறைகளும் இருந்தன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சித்தப்பா வக்கீலாக இருந்தவருக்கு நல்ல அறை கிடைத்தது. இல்லாதவருக்குக் குமாஸ்தா மேஜையின் ஓரம் கிடைத்தது. நகல் எழுதுவதிலேயே வருஷம் கழிந்தது. ஆனால் நோய்க்கு மருந்து முறையைச் சீர்திருத்துவதேயன்றி, முறையையே ஒழிப்பது அன்று. ஒழித்ததால் அந்தப் பிள்ளைக்கு என்ன நன்மை விளைந்தது? சித்தப்பா உள்ளவர் இன்றும் சித்தப்பாவின் அறையிலேயே பயில்கிறார். இல்லாதவர் சன்னதைக் கையில் வைத்துக்கொண்டு கோர்ட்டு வராந்தாவில் நிற்கிறார். கட்டாயம் நீங்கியது எல்லோருக்கும். பயிற்சி நீங்கியது இவருக்கு மட்டுந்தான்.

பணத்தைப் பொறுத்தவரையில் ஒரு தொடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. ஜூனியர்களுக்கு மூத்தவர்கள் மாதந்தோறும் கொடுக்கவேண்டிய குறைந்தபட்ச உதவித்தொகையைப் பற்றி 2024 ஜூன் மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. சென்னை, மதுரை, கோயம்புத்தூரில் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் என்று அது கணக்கிட்டது. மாவட்டக் கோர்ட்டில் சிறு வழக்குகளை நடத்தும் சீனியர் ஒருவரால் அந்தத் தொகையைத் தனியே தாங்க முடியாது என்பதும் நியாயமே. அதனால்தான் பார் கவுன்சிலும் அரசாங்கமும் அதில் பங்கெடுக்கவேண்டும் என்கிறேன். பயிற்சி தரச் சம்மதிக்கும் வழக்கறிஞர்களின் பட்டியலை மாவட்டந்தோறும் பார் கவுன்சில் வைத்து, யார் யாரிடம் சேருவது என்பதைக் குடும்பச் செல்வாக்கு தீர்மானிக்காதபடி தானே ஒதுக்கித் தரலாம். இலவச சட்ட உதவி மையங்களில் ஒரு பங்கு காலத்தைக் கழிக்கச் செய்தால், உதவித்தொகைக்கும் ஒரு நியாயம் கிடைக்கும். ஏழைக் கட்சிக்காரருக்கும் ஒரு கை கூடுதலாகக் கிடைக்கும். ஆண்டின் முடிவில் நடக்கும் பரீட்சையில், நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கச் சொல்லாமல், ஒரு பிராதும் ஓர் எதிர்வழக்குரையும் ஒரு ஜாமீன் மனுவும் எழுதச் சொல்லவேண்டும். இவை நடைமுறைக்கு ஒவ்வாத கனவுகள் அல்ல. 2023-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு, மனமிருந்தால் விதி வகுப்பதற்கு வழியிருக்கிறது.

இளைஞர்களே, விதி வரும்வரை நீங்கள் காத்திருக்கவேண்டியதில்லை. பட்டம் பெற்றதும் சன்னது வாங்குங்கள். புகழ்பெற்ற சீனியரைத் தேடுவதைவிட, கேஸ் கட்டை உங்கள் கையில் கொடுத்து, நீங்கள் எழுதிய வரைவைச் சிவப்பு மையால் திருத்தித் தருகிற சீனியரைத் தேடுங்கள். கீழ்க்கோர்ட்டில் சில ஆண்டுகள் இருங்கள். தாக்கல் செய்த மனு ஏன் திருப்பப்பட்டது என்பதைக் குமாஸ்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கப்படாதீர்கள். அந்த ஆண்டுகளில் உங்களுக்குத் தோற்றுப்போன வழக்குகளும், விடை தெரியாமல் நின்ற கேள்விகளும் சேரும். அவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். பிறகு எம்.எல். படிக்கப் போங்கள், ஆராய்ச்சிக்கு விஷயம் எது என்று பேராசிரியர் கேட்டால், அந்த நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டுங்கள். அப்படிப் படித்துவிட்டு வருகிறவர் மறுபடி வாதாட எழுந்து நின்றால், எதிர்க்கட்சி வக்கீலும் நீதிபதியும் தலையை நிமிர்த்திக் கேட்பார்கள்.